சாய்ந்த கப்பலும் என் ரசமட்டமும்

தொண்ணூறுகளில் சிவாஜிநகரில், காதர் பாயின் ஃப்ரேம் கடையில் வேலை பார்த்தேன். சட்டம் போடுவது பாய். வீடு வீடாகப் போய் மாட்டுவது நான். சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை நகரமாட்டேன். மாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் வேறு.

அல்சூரில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் நூறு வருஷத்துக்கு மேல் பழசான ஒரு ஆயில் பெயிண்டிங். புயலில் ஒரு பாய்மரக் கப்பல், இடது பக்கம் சாய்ந்து, இதோ கவிழப்போகிறது என்று நிற்கும். டீச்சரின் கணவர் சேவியர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். லீவில் வந்தபோது ஏலத்தில் எடுத்தாராம். பாய் அதற்குப் புதுச் சட்டம் போட்டுக் கொடுக்க, நான் மாட்டிவிட்டு வந்தேன்.

மறுவாரம் அந்தப் பக்கம் போனபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். படம் வலது பக்கம் இறங்கிக் கோணலாகத் தொங்குகிறது!

"என்னா டீச்சர், மானத்த வாங்குறீங்களே! பாக்குறவங்க எங்க கடையத்தானே பேசுவாங்க?"

"சாரி தம்பி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நேராக்கினேன். பத்து நாளில் மறுபடி கோணல். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை கேட்காமல், சட்டத்தின் அடியில் டிரில் போட்டு, இரண்டு ஸ்க்ரூவால் சுவரோடு சேர்த்து இறுக்கிவிட்டேன். "இனிமே பூகம்பமே வந்தாலும் அசையாது" என்றேன். டீச்சர் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் ஸ்கூலுக்குப் போகும் வழியில் கடைக்கே வந்துவிட்டார்.

"பாய், அந்த ஸ்க்ரூவ எடுக்கச் சொல்லுங்க."

"ஏம்மா, ஃபிட்டிங் சரியில்லயா?"

"ஃபிட்டிங் நல்லாத்தான் இருக்கு. கப்பல்தான் சாயுது. அவரு கடல்ல இருக்கறப்போ படத்தக் கொஞ்சம் திருப்பி வெச்சுக்குவேன் பாய், கப்பல் நேரா நிக்கும். வந்ததும் அவரே சிரிச்சிக்கிட்டு சரி பண்ணுவாரு. இப்ப போன் வந்து அஞ்சு வாரம் ஆச்சு. அந்தக் கப்பல அப்படிப் பாக்க முடியல பாய்" என்றவர் அழுதுவிட்டார்.

"க்யா ரே, நின்னு என்ன பாக்குற? போ!" என்றார் பாய்.

வெட்கத்தில் செத்தேன். ஓடிப்போய் ஸ்க்ரூவைக் கழற்றினேன். இந்த முறை ரசமட்டத்தைச் சட்டத்தில் வைக்கவில்லை. கப்பலின் பாய்மரத்தோரம் நிமிர்த்திப் பிடித்தேன். படத்தை மெல்லத் திருப்ப, குமிழி நடுவுக்கு வந்தது.

"சரியா டீச்சர்?"

"இன்னும் ஒரு துளி தம்பி."

குமிழி கிடக்கட்டும் என்று இன்னும் ஒரு துளி திருப்பினேன்.

அதன் பிறகு அல்சூரில் வேலை இல்லாவிட்டாலும் சைக்கிளை அந்தத் தெருவுக்குத் திருப்புவேன். ஜன்னலில் படம் கோணலாகவே இருக்கும். பார்த்துவிட்டு வந்தால் சோறு இறங்காது. முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் வந்துவிட வேண்டுமே என்று அப்படி ஏங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தால் படம் நேராக இருக்கிறது. வந்துவிட்டாரா? இல்லை, டீச்சர்தான் நம்பிக்கையை விட்டுவிட்டாரா? பெல்லை அழுத்தத் தைரியம் இல்லாமல் கேட்டருகே நின்றேன்.

உள்ளே ஓர் ஆண் குரல்: "ஸ்டெல்லா, புது ஃப்ரேமுல ரெண்டு ஓட்ட போட்ட புண்ணியவான் யாரு?"

டீச்சர் சிரிப்பது தெருவரை கேட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை. அன்றிலிருந்து எந்த வீட்டிலும், "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்காமல் ஒரு படத்தில் கை வைத்ததும் இல்லை.