ரொட்டிக்கடை மெசேஜ்

கலியபெருமாளுக்கு மடுகரையில் இரண்டு காணி கரும்பு, ஒரு கறவை மாடு, பிரான்சில் ஒரு மகள். செல்வகுமாரி புதுச்சேரியில் எம்.எஸ்சி. படிப்பவள். ஒரு பருவம் மட்டும் லியோன் நகரத்தில் படித்துவிட்டு வரச் சொல்லிப் பல்கலைக்கழகமே அனுப்பியிருந்தது. ஊரெல்லாம் பெருமைப்பட்டது. இவருக்கு மட்டும் ஒரே கவலை, பிள்ளை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறதா என்று.

அந்தக் கவலைக்கு ஒரு மருந்தும் கிடைத்திருந்தது. செல்வகுமாரியின் வங்கிக் கணக்கு பள்ளிக்கூட நாளில் உதவித்தொகைக்காகத் தொடங்கியது. ஊர் வழக்கப்படி அதற்கு அப்பாவின் கைப்பேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். ஆகவே அவள் லியோனில் கார்டைத் தேய்த்தால் மடுகரையில் இவர் சட்டைப்பை 'டிங்' என்னும். இங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம், அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

மெசேஜில் அடிக்கடி ஒரு நீளமான வார்த்தை வந்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. மோட்டார் மெக்கானிக் ஆண்டனியின் மாமனார் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். அந்த வீட்டில் நாலு பிரெஞ்சு வார்த்தை புழங்கும். ஆண்டனி பார்த்த உடனே சொல்லிவிட்டான்.

"ரொட்டிக்கடை, மாமா. பொண்ணு ரொட்டி வாங்கிக்கீது."

அதிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால் போதும், "ஏ ராஜாமணி, புள்ள சாப்ட்டுடுச்சி!" என்று தொழுவத்திலிருந்தே மனைவிக்குக் குரல் கொடுப்பார். மகளிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால், வேவு பார்க்கிறாயா என்று குதிப்பாள்.

ஆனால் ஒவ்வொரு ரொட்டிக்கும் பின்னாலேயே இன்னொரு குட்டி மெசேஜ் வரும். வெளிநாட்டில் கார்டு தேய்த்ததற்கான கட்டணம். கலியபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வங்கிக்கே போய்விட்டார்.

"எம்பொண்ணு ரொட்டி தின்னா, ஒங்களுக்கு எதுக்கு சார் அதுல பங்கு?"

அதிகாரி பாவம், அச்சடித்த விதியைக் காட்டினார். விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் கட்டணத்தைப் பாஸ்புக் போட்டபோது பார்த்ததாக மகளிடம் சொல்லி, அன்றைக்கு அரைமணி நேரம் புலம்பித் தீர்த்தார்.

அதற்குப் பிறகு மெசேஜ் நின்றுபோனது.

முதல் நாள், விடுமுறையாயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஒரு வாரமாகியும் சட்டைப்பை ஊமையாகவே கிடந்தது. போனில் கேட்டால், "சாப்ட்டேன்பா" என்றாள். வெளியூரிலிருக்கும் எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறது? கட்டணத்துக்கு அப்பா அழுகிறாரே என்று பிள்ளை வயிற்றைக் காயப்போடுகிறது. இதை நினைத்தாலே இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"கேட்டுத் தொலையேன். இல்லன்னா தட்டு முன்னாடி ஒக்காராத," என்றாள் ராஜாமணி.

அவர் கேட்கவில்லை. கழனிக்குப் புதுப் பைப்பு வாங்க வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய் அவள் கணக்கில் போட்டார். அப்புறம் வீடியோ காலில் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போனதுபோல்தான் பட்டது.

"காசு போட்டுக்கீறன்மா. நல்லா சாப்புடு."

"எதுக்குப்பா? அந்தக் கணக்க நான் இப்ப தொடுறதே இல்ல."

"பொய் சொல்லாத! ஒரு வாரமா ரொட்டிக்கட மெசேஜே வரல. நான் ஏதோ வாய்க்கு வந்தத பொலம்புனா, அதுக்காக பட்டினி கெடப்பியா நீ?"

செல்வகுமாரி கேமராவைத் திருப்பினாள். தட்டு நிறையச் சோறு, மேலே முட்டைப் பொரியல்.

"இங்கியே ஒரு பேங்க்ல கணக்கு தொறந்துட்டேன்பா. ஸ்டைபண்டு பணம் அதுலதான் வருது. இந்த ஊரு கார்டுன்னா கட்டணமே இல்ல. நீ பேங்க்ல போயி சண்ட போட்டியே, அதுக்குத்தான் மாத்துனேன்."

இவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தெனமும் அத படிச்சிக்கினா இருந்த?"

"ம்."

அவள் குதிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று கலியபெருமாள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் தொழுவத்தில் நிற்கும்போது 'டிங்' என்றது. ரொட்டிக்கடை. தொகையைப் பார்த்தால் ஒரே ஒரு ரொட்டிதான் வாங்கியிருப்பாள்போல. பின்னாலேயே அந்தக் குட்டி மெசேஜும் வந்து சேர்ந்தது.

ராஜாமணி எட்டிப் பார்த்தாள். "இன்னா, பேங்க்காரன் மறுபடியும் புடிச்சிட்டானா?"

"புடிச்சா புடிக்கட்டும் வுடு," என்றார் கலியபெருமாள். "அவனும் ஒரு வாய் சாப்புடட்டும்."