கண்ணாடிச் செடிக்கு வக்காலத்து

காலையில் பல் துலக்கியதும் அவர் கொல்லைக் கதவைத் திறந்து நேராக நிலத்துக்குப் போவார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையோடு படர்ந்த கண்ணாடிச் செடியில் தடித்த இலை ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளுவார். வியர்த்ததுபோல் இலை முழுக்கப் பளபளக்கும் கொப்புளங்கள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துக் காறித் துப்புவார். முகம் மலர்ந்துவிடும். மனைவியைக் கூப்பிட்டுச் சொல்வார்.

“நல்லா கரிக்குதுடி. மண்ணுல இருக்கற உப்பை உறிஞ்சித் தள்ளுது.”

பஸ் ஓட்டியவர். யாரையும் முந்தாமல் ஓட்டியதால் ஊரில் அவருக்கு ‘பிரேக்’ என்று பெயர். ஓய்வு பெற்றதும் கழிமுகத்துப் பக்கம் துண்டு நிலமும் வீடும் வாங்கினார். மறு வருஷமே கடல் ஏறிவந்து, நின்று, வடிந்தது. பிறகு விதைத்ததெல்லாம் கருகியது. என்றோ கப்பலேறி வந்த இந்த வெளிநாட்டுச் செடி மட்டும் சதை போட்டுப் படர்ந்தது.

மனைவிக்கு அதைக் கண்டாலே ஆகாது. கை நிறையப் பிடுங்கி ரோட்டோரம் எறிவாள்.

“ஏய், கை வைக்காதே!”

“ஒரு கறுப்புக் கோட்டு தைச்சுப் போட்டுக்குங்க. இதுக்கு வக்காலத்து வாங்க வசதியா இருக்கும்.” சிரிக்காமல் தொடர்ந்தாள். “வர்ற மழைக்கும் ஒண்ணும் முளைக்கலேன்னா நான் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன்.”

அவள் எதையும் இரண்டு தடவை சொல்பவளல்ல. அது அவருக்குத் தெரியும்.

கோடையில் செடி சிவந்து காய்ந்தது. மனைவியின் தம்பி டிராக்டரோடு வந்தான்.

“மாமா, இந்தக் குப்பையை வாரி வெளியில கொட்டிடலாமா?”

“போடா மாப்ளே. உப்பைத் தின்னுட்டுச் செத்திருக்கு. உரமாத்தான் ஆகட்டுமே.”

ஒரு தண்டுகூட விடாமல் மண்ணுக்குள் மடக்கி உழுதார்கள்.

மழைக்கு வெண்டை விதைத்தார். அங்கங்கே இரண்டிரண்டு இலை விட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அவர் தோளில் கை வைத்தாள்.

மழை விட்டு வெயில் ஏறியதும் இலை நுனிகள் பொசுங்கின. ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. முன்பைவிட வெள்ளையாக மண் பூத்துக் கிடந்தது.

பெட்டியோடு வாசலில் நின்றாள்.

“மாத்திரை அலமாரில இருக்கு. வர்றீங்களா?”

“இன்னும் ஒரே ஒரு வருஷம் பாக்கறேன்.”

அந்த வருஷமும் செடியைப் படரவிட்டு மடக்கி உழுதார். அடுத்த வருஷமும். அவள் வரவில்லை. கடைசியில் அவர் விதை வாங்கக்கூடக் கடைக்குப் போகவில்லை.

அவர் காலமான பிறகு நிலத்தைப் பார்க்க வந்த மண் பரிசோதனைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது: அந்தச் செடி உப்பைத் தின்று தீர்ப்பதில்லை. ஆழத்திலிருந்து இழுத்து உடம்பில் சேர்த்துவைத்து, செத்ததும் மேல்மண்ணில் விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அங்கே அதன் விதையைத் தவிர வேறெதுவும் எளிதில் பிழைக்காது.