பாதி நீண்ட கம்பி

எங்கள் வேன் கியர் விழாமல் அடம்பிடிக்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. செந்தூல் அடுக்குமாடியில் அம்மா அரைக்கும் தோசைமாவை அப்பா அந்தப் பழைய வேனில்தான் பிரிக்பீல்ட்ஸ், பங்சார் உணவுக்கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். இரண்டு முறை சாலை நடுவே வண்டி நின்றே போனது. "கிளட்ச்சு கல்லு மாதிரி இருக்கு" என்றார் அப்பா, வலிக்கும் இடுப்பைத் தடவிக்கொண்டே.

ஞாயிறு காலை கிள்ளானிலிருந்து அம்மாவின் தம்பி வந்தார். லோரி பழுதுபார்ப்பதில் மாமா கெட்டிக்காரர். கிளட்ச் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். அளவு சரியாக இருந்தது. எங்கும் கசிவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினார்.

"அமுக்கு பாப்பா... விடு... அமுக்கு..."

பழைய எண்ணெய் வெளியேறியது. ஒரு குமிழிகூட வரவில்லை. பெடலை அமுக்கினால் கியர்பெட்டி அருகே ஒரு சிறு கம்பி நீண்டு கிளட்சைப் பிரிக்க வேண்டும். மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டியரிங்கில் தொங்கியபடி பெடலைத் தரைவரை மிதித்தேன்.

"கம்பி முழுசா வருதுலா! மச்சான், இப்ப நீங்க அமுக்குங்க."

அப்பா ஏறி இடது காலை வைத்தார். பிறகு தொடையை இரண்டு கைகளாலும் அழுத்தினார். முகம் வியர்த்தது.

"வருதா?"

"பாதிதான். இன்னொரு தடவ."

மறுபடியும் பாதிதான். மாமா வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி அப்பாவின் இடது காலைப் பார்த்தார்.

எனக்கோ ஒரே குதூகலம். "அப்பா, எனக்கே அமுங்குது! வேன் ஓகேதான்!" என்று வேனைச் சுற்றி வேடிக்கை பார்த்து நின்ற அண்டைவீட்டார் எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

மாமா வெளியே வந்து கைகளை நிதானமாகத் துடைத்தார். "இல்லலா, உள்ள சாமான் போயிருச்சு. வண்டிய நான் கொண்டுபோறேன். ஒரு வாரம் என் வண்டியில நானே மாவு போடுறேன். நீங்க சும்மாதானே இருப்பீங்க மச்சான், அப்படியே அந்த இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிருங்க."

அப்பா வேன் சாவியை மாமாவிடம் நீட்டினார். "பொய்! கிளட்ச்சு நல்லாத்தான் இருக்கு!" என்று நான் கத்த, அம்மா என் வாயைப் பொத்தி மாடிக்கு இழுத்துப் போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா ஓட்டிப்போன வேனில் கியர் ஒன்றுகூடக் கரகரக்கவில்லை.

மருத்துவமனையில், அப்பாவின் முதுகில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கால் மெல்ல மெல்லத் தேறியது. அடுத்த தீபாவளிக்கு வேனை ஓட்டி எங்களைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனதும் அப்பாதான்.

அதுவரை பள்ளியில் என் தோழிகளிடமெல்லாம், மாமாவுக்குப் பழுதுபார்க்கவே தெரியாது என்று சொல்லித் திரிந்தேன். அது அவர் காதுக்கும் எட்டியது. அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. வேலை தெரிந்த ஒருவர், எல்லோர் முன்னாலும் தெரிந்தே தப்பாகச் சொல்லக்கூடும் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.