மலை ரோட்டுக் கேள்வி

தெரேசாக்கா பெயிலானது படிப்பு ஏறாததால்தான் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மழைக்காலம் முழுவதும் அவளோடு உட்கார்ந்து கேள்வி கேட்டவள் நான். தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், எங்கள் கீழ்க்கணக்கில், பாலர் பாடசாலை நடத்துகிறேன். லயத்து வீட்டு வரிசையில் அவளுக்கு அடுத்த காம்பரா என்னுடையது. அவளுக்கு என்ன ஏறியது, என்ன ஏறவில்லை என்று எனக்குத் தெரியாதா?

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். லயம் பள்ளத்தில் ஆற்றோரம், மெயின் ரோடு மலைக்கு மேலே. யாருக்காவது சுகமில்லை என்றால் ஏற்றிக்கொண்டு போக இருப்பது செல்லசாமி அண்ணனின் ஆட்டோ மட்டும். அவரும் பிழைப்புக்காகப் பாதி நாள் டவுனில் நிற்பவர். அதனால்தான் கோயில் பாதர் யார் யாரிடமோ கேட்டு, நோயாளிகளுக்கென்று ஒரு பழைய ஆட்டோ வாங்கித் தந்தார். ஓட்டத்தான் ஆளில்லை. வாலிபப் பிள்ளைகள் எல்லாம் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். மழைக்காலம் முடிவதற்குள் யாராவது லைசன்ஸ் எடுக்கிற எழுத்துப் பரீட்சையாவது பாஸ் பண்ணாவிட்டால் வண்டி வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்று பாதர் சொன்னபோது, கூட்டத்தில் கை தூக்கியது கொழுந்தெடுக்கிற தெரேசாக்கா ஒருத்திதான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலிருந்து பேக்டரிக்கு இறங்கும் கொழுந்து லொறி ஹோர்ன் அடித்துவிட்டால், கீழிருந்து ஏறுகிற எந்த வண்டியும் சவுக்கு முடக்கு என்கிற வளைவைத் தாண்டாது. ஒதுங்கி நிற்க இடம் அங்கே மட்டும்தான். கொழுந்து சூடேறினால் பழுது, அதனால் லொறி யாருக்காகவும் நிற்காது. தோட்டத்து மேனேஜர் துரையே ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்துவார். போன வருடம் தெரேசாக்காவின் புருஷன் மரியரட்ணம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்றைக்கும் மேலே ஹோர்ன் கேட்டது. செல்லசாமி அண்ணன் முடக்கில் ஆட்டோவை நிறுத்தினார். ஹோர்ன் அடித்த லொறியோ, மிச்சச் சாக்குகளை ஏற்ற, கொழுந்து நிறுக்கிற மடுவத்தடியில் நின்றுவிட்டது. இவர்கள் காத்திருந்தார்கள். போங்க என்று தெரேசாக்காவும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. லொறி இறங்கிப் போனபோது மடியில் கிடந்தவருக்கு மூச்சில்லை.

அந்த முடக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் அவள் படித்தாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே படித்தாள். புத்தகத்துத் தமிழ்தான் என்னையே படுத்தி எடுத்தது. சுற்றுவட்டம், பாதசாரிக் கடவை, சிக்னல் லைட் என்று எங்கள் பக்கம் கண்ணிலேயே படாத சாமான்களை எல்லாம் நான் பாலர் பாடசாலைப் பலகையில் வரைந்து காட்டினேன். அவள் மலையில் நின்று கொழுந்து கிள்ளிக்கொண்டே அவற்றை மனப்பாடம் செய்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் கங்காணி கேலி பண்ணினார். அவள் சட்டை செய்யவில்லை.

ஒரே ஒரு கேள்வியில்தான் தப்பு விட்டுக்கொண்டே இருந்தாள். ஒடுக்கமான மலை ரோட்டில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் எது வழிவிட வேண்டும்? ஏறுகிற வண்டி என்றே ஒவ்வொரு தடவையும் புள்ளடி போட்டாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. இறங்குகிற வண்டிதான் நிற்க வேண்டும், ஏறுகிறவனுக்குத்தான் வழி, இதுதான் சட்டம் என்று அடித்துச் சொன்னேன்.

அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"அப்படின்னா அன்னைக்கு நாங்க நின்னிருக்கத் தேவையில்லையா, பிரேமினி?"

அது மெயின் ரோட்டுச் சட்டம், தோட்டத்து ரோட்டுக்கு லொறிதான் சட்டம் என்று ஏதோ உளறினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நானும் புரட்டவில்லை, அவளும் கேட்கவில்லை.

பரீட்சைக்கு நுவரெலியாவுக்கு எங்களைக் கூட்டிப் போனதும் செல்லசாமி அண்ணன்தான். மரியரட்ணம் அண்ணன் செத்த பிறகு அவர் தெரேசாக்காவின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. கூப்பிட்ட குரலுக்கு மட்டும் வந்து நிற்பார். பரீட்சை எழுதிய அன்றே முடிவு சொன்னார்கள். ஒரு கேள்வி குறைந்து பெயில்.

அவர் வண்டி எடுக்கப் போயிருந்த நேரத்தில், டீக்கடையில் வைத்து நான் கேட்டேன். எது தெரியாமல் போனது?

"வேற சிலது தப்பிருக்கும். ஆனா ஒண்ணு தெரிஞ்சே விட்டேன். மலை ரோட்டுக் கேள்வி வந்துச்சு. சரியானதுல புள்ளடி போட்டா, செல்லசாமி அண்ணன்தான் அவர சாக விட்டாருன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி இருந்துச்சு. கை போகல."

அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. பாதர் தந்த வண்டி போகிறதே, நாளைக்கு இன்னொருத்தி மடியில் ஒருத்தன் கிடந்தால் என்ன செய்வோம் என்று கேட்கவும் வாயெடுத்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். என் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

திரும்பும் வழியில், மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்து ரோட்டில் இறங்கிய பிறகுதான் செல்லசாமி அண்ணன் வாயைத் திறந்தார். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த மலை ரோட்டுக் கேள்வி வந்துச்சா, தங்கச்சி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் ஒரு காலத்தில் இதே பரீட்சையை எழுதி லைசன்ஸ் எடுத்தவர். அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்தச் சட்டம் தெரிந்தேதான் அந்த மனுஷன் இத்தனை நாளாக நடமாடியிருக்கிறார்.

"வரலண்ணே," என்றாள் தெரேசாக்கா.

சவுக்கு முடக்கை நெருங்கினோம். கீழே பேக்டரியில் கொழுந்தை இறக்கிவிட்டு லொறி வெறுமனே ஏறி வந்துகொண்டிருந்தது. செல்லசாமி அண்ணன் ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்குகிற நாங்கள், ஏறுகிற லொறி. இந்த முறை புத்தகமும் அவர் பக்கம்தான் இருந்தது. லொறி எங்களை உரசிக்கொண்டு போய் முடக்கில் மறைந்தது. அவர் வண்டியை எடுக்காமல் ஹேண்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்குவது பின்னாலிருந்த எங்களுக்குத் தெரிந்தது.

தெரேசாக்கா கையை நீட்டி அவர் முதுகைத் தொட்டாள்.

"சரியாத்தான் நின்னீங்கண்ணே," என்றாள்.