என் கையெழுத்தில் இருந்த வேலைப் பட்டியல்

வாசகர்களே, நீங்களே நீதிபதியாக இருந்து என்னை விசாரியுங்கள்.

தொண்ணூறுகளில், மதுரை சிம்மக்கல் நண்பர்கள் நாங்கள் தொண்டுக் குழுவாக ஞாயிறுதோறும் வாடிப்பட்டி முதியோர் இல்லத்தில் உணவு பரிமாறி வந்தோம். யாருக்கு என்ன வேலை என்று பட்டியல் எழுதியவன் நான். ஆண்டு விழா மேடையில், "எங்கள் குழுவில் உயர்ந்தவரும் இல்லை, தாழ்ந்தவரும் இல்லை" என முழங்கிக் கைதட்டல் பெற்றேன்.

இறங்கியதும், பரவை காலனியிலிருந்து எங்கள் குழுவுக்கு வரும் பாண்டி சிரித்தபடி கேட்டான்: "பேச்சு அம்புட்டும் பிரமாதம் மாப்ள. மூணு வருசமா எனக்கு எலை எடுக்கிற வேலைதான எழுதுற? சோறு பரிமாற எப்ப விடுவ?"

"பெரியவங்க யாராச்சும் முகஞ்சுளிச்சா சங்கடம்டா."

"அவுக சுளிக்கல. நீதான் எழுதுன. போறேன்."



அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. எச்சில் இலைகளை நானே எடுத்தேன். குப்பைக் குழிவரை தனியாக நடக்கையில், கூடத்தில் நண்பர்கள் சிரிப்பது பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாண்டுகளாக அவன் காதில் விழுந்ததும் அந்தச் சிரிப்புதான்.

மாலையே அவன் வீட்டுக்குச் சென்றேன். கதவு திறக்கவில்லை. தெருவே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "பாண்டி, இனிமே சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் வேலை. உன் பேரும் அதுல எப்பவும் இருக்கும். நீ வர்ற வரைக்கும், உனக்கு விழுற வேலையையும் நானே செய்வேன்."