பத்துப் பேர் இருந்த டீக்கடை

நீடாமங்கலத்துக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்குப் போகவில்லை. இந்தப் புரட்டாசியில், மகாளய அமாவாசை கழிந்த ஏழாம் நாள், கூடப் படித்த ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் அவளுக்குச் செய்தது என்னவென்று அவளுக்கே தெரியாது.

இந்த யோசனை எனக்கு யூதர்களிடமிருந்து வந்தது. இஸ்ரேலில் நான் ஆறு வருடம் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பார்த்துக்கொண்டவர் பெயர் யோசி. சின்ன வயதில் கொச்சியிலிருந்து குடிபோன யூதர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவருடைய மலையாளமும் என் தமிழும் எப்படியோ ஒத்துப்போயின. அவர்களுடைய புத்தாண்டு பல வருடங்களில் நம் மகாளய அமாவாசையை ஒட்டித்தான் வரும். அதற்கு முந்தைய மாதம் முழுக்க விடியுமுன் எழுந்து மன்னிப்பு ஜெபம் சொல்வார்கள், ஆட்டுக்கிடாக் கொம்பு ஊதுவார்கள். புத்தாண்டிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர். அன்று பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, தோல் செருப்பு கிடையாது, ரோட்டில் ஒரு கார் ஓடாது. பிள்ளைகள் நெடுஞ்சாலையில் சைக்கிள் விடுவார்கள். அந்த அமைதி இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

ஆனால் அந்த விரதம் கடவுளுக்குச் செய்த தப்புக்குத்தான். மனுஷனுக்குச் செய்த தப்புக்கு அந்த மனுஷனிடமே போய்க் கேட்க வேண்டும். மறுத்தால் மறுபடி கேட்க வேண்டும், மூன்று தடவை வரைக்கும். அந்தப் பத்து நாளும் யோசியைச் சக்கர நாற்காலியில் வைத்து வீடு வீடாகத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. அடேயப்பா, அந்த மனுஷன் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருந்தார்! கடைசியில் என் முறை வந்தது. டீ ஆறிப்போனதற்காக என்னிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லைங்க" என்றேன். அவர் விடவில்லை. செய்ததை அவர் முழுதாகச் சொல்வாராம், நான் முழுதாகக் கேட்க வேண்டுமாம், அப்புறம் மன்னித்தேன் என்று வாயால் சொல்ல வேண்டுமாம். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது அவர் இல்லை. புரட்டாசி பிறந்தால் அந்த நாற்காலியின் கிரீச் சத்தமும் அவருடைய திட்டும் ஞாபகத்துக்கு வந்து மனசு என்னவோ செய்கிறது.

சரி, பயணத்துக்கு வருவோம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருச்சியில் பஸ் ஏறி, ஏழரைக்குத் தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். இரண்டு இட்லி, ஒரு பொங்கல், காபி, தொண்ணூறு ரூபாய். 7.50க்குத் திருவாரூர் பஸ். நீடாமங்கலம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம், டிக்கெட் முப்பத்தைந்து. வழி நெடுக ஒரு வயலில் குறுவை அறுப்பு, அடுத்த வயலில் சம்பா நடவு. ஜன்னல் சீட்டு பிடியுங்கள்.

நீடாமங்கலத்தில் ஆட்டோ பிடித்தேன், ஆறு கிலோமீட்டருக்கு நூற்றெண்பது. ஏறி உட்கார்ந்தேனோ இல்லையோ ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள்.

"இறங்கி டீ குடிச்சிட்டு வாங்க சார். நானும் எங்கயும் போயிட மாட்டேன், கேட்டும் இப்ப தொறக்காது" என்றார் டிரைவர். இருபத்தைந்து நிமிஷம். எனக்கு அது இரண்டு மணி நேரம் நீண்டிருந்தாலும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

வழியில் மூணாறு தலைப்பில் நிறுத்தச் சொன்னேன். வெண்ணாறு அங்கே மூன்றாகப் பிரிகிறது. கட்டாயம் பாருங்கள். யோசி புத்தாண்டு அன்று மீன் உள்ள தண்ணீராகத் தேடிப் போய், ஜெபம் சொல்லிப் பாக்கெட்டை உதறுவார். பாவம் எல்லாம் தண்ணீரோடு போகட்டும் என்று. நானும் உதறிப் பார்த்தேன். பஸ் டிக்கெட் விழுந்தது.

"என்ன சார் தேடுறீங்க?" என்றார் டிரைவர். என்ன சொல்வது, ஒன்றுமில்லை என்று ஏறிக்கொண்டேன்.

என் பழைய ஊர்தான், பெயர் வேண்டாம். தமிழரசி (இது நான் வைத்த பெயர்) இப்போது பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. "வாங்க வாங்க, வெளிநாட்டுக்காரர்" என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். சொம்பைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். யோசி கதையையும் மூன்று தடவை கேட்கிற வழக்கத்தையும் சேர்த்து, அவர் சொன்ன மாதிரி முழுதாக.

இருபத்திரண்டு வருடம் முன்னால் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார், பூ வைக்க வருமுன் ஊர் டீக்கடையில் விசாரிக்க வந்தார்கள். நம் பக்கத்து வழக்கம்தான் தெரியுமே, பெண்ணைப் பற்றி டீக்கடையில் கேட்பார்கள். பெஞ்சில் நான் இருந்தேன். "படிப்பு நல்லா வரும். வாய் அதைவிட நல்லா வரும். கூட்டிட்டுப் போனீங்கன்னா அப்புறம் உங்க வீட்ல யாரும் பேசவே வேண்டியிருக்காது" என்றேன். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன், வேறு ஒரு காரணமும் இல்லை. அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள்தான், திரும்ப வரவே இல்லை.

அதற்காக மன்னிப்புக் கேட்டேன். தமிழரசி என் கையிலிருந்த சொம்பை வாங்கி வைத்தாள்.

"அந்த மாப்பிள்ளைய எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றாள். "அது போவட்டும். நாலு வருஷம் கழிச்சுக் கல்யாணம் ஆச்சு, நல்லாத்தான் இருக்கேன். எங்கப்பா என்ன சொல்லிட்டே செத்தாரு தெரியுமா? 'நான் கூலி வேலைக்குப் போறவன்னு அன்னிக்கு அவங்ககிட்ட பட்டுன்னு சொல்லிட்டேன், அதான் வரல'ன்னு. சாவுற வரைக்கும் அதே பேச்சு. அவர்கிட்ட யாரு மன்னிப்புக் கேக்குறது?"

அவள் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமா அப்படி நினைத்திருப்பார் என்று நான் கனவில்கூட எண்ணவில்லை. வெட்கமாக இருந்தது.

"செத்துப்போனவங்கன்னா அந்த யூதருங்க என்ன செய்வாங்களாம்?" என்று கேட்டாள். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அந்தப் பத்துப் பேர் காதில் விழும்படி, செய்த தப்பைச் சொல்ல வேண்டும் என்றேன்.

"எங்கப்பாவுக்கு ஏது கல்லறை, சாம்பல வெண்ணாத்துல கரைச்சாச்சு. நீ எங்க சொன்னியோ அங்கயே வந்து சொல்லு. கெளம்பு." 'வாங்க' போய் 'நீ' வந்துவிட்டது. எழுந்தேன்.

அதே டீக்கடை, மர பெஞ்சுக்குப் பதில் இரும்பு பெஞ்சு. ஏழு பேர் இருந்தார்கள். டீ மாஸ்டரோடு எட்டு. நடவுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு அக்காமார்களைத் தமிழரசி கைதட்டிக் கூப்பிட்டாள். யோசி ஆண்களை மட்டும்தான் எண்ணுவார். ஆனால் எண்ணுவது தமிழரசி, நான் வாயைத் திறக்கவில்லை.

ஆரம்பித்தேன். பாதியில் ஒரு பெரியவர், "விடு தம்பி, எந்தக் காலத்துக் கதை" என்றார்.

"விட வேணாம் பெரியப்பா. முழுசா சொல்லட்டும்" என்றாள் தமிழரசி.

அந்தக் கிண்டலை வார்த்தை மாறாமல் திரும்பச் சொன்னேன். இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. "மாமா கூலி வேலைக்குப் போனதால அவங்க வராம போகல. நான் பேசின பேச்சாலதான் வரல. தப்பு என்னுது. மாமா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன்.

"அட பாவமே, அந்த மனுஷன் அதுக்கப்புறம் தலை நிமிந்தே நடக்கலியே" என்றார் அக்காமார்களில் ஒருவர்.

தமிழரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் டீ சொன்னாள். எனக்கும் சேர்த்துத்தான். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா விஷயம் முடிஞ்சுது. என் விஷயம் வேற. மூணு தடவை கேக்கணும்னுதானே சொன்னே? இது ஒண்ணு."

போக நினைப்பவர்களுக்கு: புரட்டாசியில் ஆற்றில் தண்ணீர் ஓடும், மதியத்துக்கு மேல் மழை வரலாம், குடை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆட்டோவைத் திரும்பி வரும் வரை பேசி வைத்துக்கொள்ளுங்கள், முந்நூற்றைம்பதுக்கு வருவார்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்றால் சீக்கிரம் போங்கள். நான் மாமா இருக்கும்போதே போயிருக்க வேண்டும்.

அடுத்த புரட்டாசியில் மறுபடி போகிறேன், அதற்கடுத்த புரட்டாசியிலும். மூன்று தடவையும் மறுத்துவிட்டால் அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை என்கிறது அவர்கள் சட்டம். நான் நாலாவது தடவையும் 7.50 பஸ் ஏறுவேன்.