மேனேஜர் மாற்றி எழுதிய பகுதி

மென்பொருள் கம்பெனியில் கால் நூற்றாண்டு குப்பை கொட்டிவிட்டு, ஐம்பது தாண்டிய பிறகு கணினியியலில் முதுகலை படிக்க வந்தவரை வகுப்பில் எல்லோரும் 'மேனேஜர்' என்றே கூப்பிட்டார்கள். "பையும் டப்பாவுமா கிளம்பிட்டாரு சின்னப் பையன்," என்று வீட்டில் மனைவி கேலி செய்வாள்.

புராஜெக்டில் அவருக்கு வாய்த்த ஜோடி, அவர் மகளைவிடச் சின்னவள். இந்தப் பாடம் தேறினால்தான் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை நிலைக்கும். சாலைகளில் குறுக்கு வழி கண்டுபிடிக்கும் புரோகிராம் அது. அவள் எழுதிய பகுதி சரியாகவே ஓடியது. என்ன, ஆமை வேகம்.

ஒப்படைக்கும் நாளன்று மேனேஜரின் கை சும்மா இருக்கவில்லை. கம்பெனியில் பையன்கள் எழுதியதைக் கடைசி நேரத்தில் பிரித்து மேய்ந்து அனுப்பியே பழகிய கை. அவள் பகுதி முழுவதையும் மாற்றி எழுதி அனுப்பிவிட்டு, "லேசா சரி பண்ணிருக்கேன்மா" என்றதோடு சரி.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியை அந்தப் பகுதியைத் திரையில் காட்டி, "இந்த வரி எதுக்கும்மா?" என்று கேட்டார். அவள் திரையைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். மாற்றி எழுதியது தான்தான் என்று அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் யார் எதைச் செய்தார் என்று வாய் திறக்கக் கூடாதென்பது அவருக்கு ஊறிப்போன பாடம்.

"டீமா சேர்ந்து பண்ணினோம் மேடம்."

"நான் அவளைக் கேட்டேன் சார்."

அந்த வரியை விளக்கத் தெரியாமல் அவள் பாடத்தில் தோற்றாள். மறுநாள் அவர் பேராசிரியையின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

"நேத்தே சொல்லிருந்தா அவ எழுதினதையே வாங்கிப் பாத்திருப்பேன். மார்க் போட்டு அனுப்பியாச்சு. இனி அடுத்த பருவம்தான்."

"அதுக்குள்ள அவ வேலை போயிடும் மேடம்."

"தெரியுது சார்," என்றார் அந்த அம்மாள், இவர் முகத்தைப் பார்க்காமல்.

கேன்டீனில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் நின்றார்.

"அடுத்த பருவம் நானும் உன்கூட மறுபடி பண்றேன்மா. நீ எழுதுறதுல கை வைக்க மாட்டேன்."

"நீங்க கை வைக்காம இருப்பீங்களா அங்கிள்?" சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வேற ஆள் பாத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வீட்டில் மனைவி கேட்டாள்: "ரிசல்ட் வந்துச்சாமே, என்ன ஆச்சு?"

"பாஸ்."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?"

அவர் கம்பெனியில் தன் கீழ் இருந்த பையன்களை நினைத்துக்கொண்டிருந்தார். வேலை மாறிப்போனபின் அவர்களில் ஒருவன்கூட அவருக்குப் போன் செய்ததில்லை. எல்லாம் நன்றிகெட்ட பயல்கள் என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்தார்.